எலி செத்த இடம்தான் மையம்

ஏலே பேராண்டி, கணக்குப் பரீட்சையில முட்டை வாங்குறது சும்மா வர்ற காரியம்னு நெனைச்சிராதே. அதுக்கும் ஒரு நேமம் வேணும், அப்பியாசம் வேணும். ஒங்கிட்ட ரெண்டும் இருக்கு. வட்டக் கணக்கு வந்ததும் கவராயத்தை எடுத்து முன் பெஞ்சுக்காரன் முதுகுல ஒரு குத்து. பெறகு படத்துல எங்கெல்லாம் நீளம் தெரியலையோ அங்கெல்லாம் ஒரு எக்ஸ். எக்ஸ் தீந்துபோச்சுன்னா ஒய். கண்ணுல பட்ட ரெண்டு நீளத்தைப் புடிச்சு மேல ஒண்ணு கீழ ஒண்ணு, நடுவுல சமக்குறி, அந்தப் பக்கமும் அதே மாதிரி மேல ஒண்ணு கீழ ஒண்ணு. குறுக்குப் பெருக்கல். விடை 4.5. அதுக்கு அடியில அளவுகோல் வச்சு ரெண்டு கோடு, 'நிரூபிக்கப்பட்டது'ன்னு ஒரு முத்திரை. என்னத்தலே நிரூபிச்சேன்னு கேட்டா, வட்டத்துக்கும் ஒனக்கும் ஒட்டுமில்ல உறவுமில்லங்குறதை நிரூபிச்சிருக்கே. அதுல ஒரு பிழையும் இல்லை, முழு மார்க்கும் போடலாம்.

நான் கரண்டி புடிச்ச கொத்தன். மூலை அரை விரக்கடை கோணினாலும் வீட்டுக்காரன் கூலியில கையை வச்சிருவான். ஒனக்கு அந்தக் கவலை கெடையாது. கோணினா அஞ்சு மார்க்குத்தானே, ஒங்க அப்பன் சம்பாத்தியத்துல போனாப் போகுது. இருந்தாலும் கெழவன் வாய் சும்மா இருக்காது. சொல்லுதேன், ஒரு காதுல வாங்கு. இன்னொரு காதைப் பொத்திக்கோ, உள்ளே போனது வெளியே வந்துரப்புடாது.

வட்டத்துக்குள்ள நீளத்தை நேராப் போய்ப் புடிக்க நெனைக்குறவன் வெறுங்கையோடதான் திரும்புவான். மொதல்ல கோணத்தைப் புடி. எந்தக் கோணமும் எந்தக் கோணமும் சமம்னு தெரிஞ்சுட்டா, எந்த முக்கோணமும் எந்த முக்கோணமும் ஒரே சாடைன்னு தெரிஞ்சுரும். சாடை தெரிஞ்சுட்டா நீளம் தானா வந்து காலைச் சுத்தும். நீ இதைத் தலைகீழாச் செய்யுதே. ஊர்ப் பஞ்சாயத்துல கூட மொதல்ல யாருக்கு யாரு உறவுன்னு விசாரிச்சிட்டுத்தான்டா பங்கு பிரிக்கான்.

சரி, கோணம் எப்படிச் சமமாகுது? போன கொடையில அம்மன் கோயில் முன்னால வில்லுப்பாட்டு மேடை போட்டிருந்தாகல்லா? நீ எங்க பாத்தே, முட்டாய்க் கடையைத்தான் பாத்தே. மேடையோட இடது மூலை ஒரு புள்ளி, வலது மூலை ஒரு புள்ளி. ரெண்டையும் சேத்தா அது ஒரு நாண். அந்த ரெண்டு மூலையையும் தொட்டு, முன்னால மைதானத்தைச் சுத்தி ஒரு வட்டம் கீறிக்கோ. சனம் பூரா அந்த வட்டக் கோட்டு மேலயே ஒக்காந்திருக்குன்னு வையி. ஒங்க மாமன் நேர் எதிர்ல, ரொம்பத் தள்ளி, துண்டை விரிச்சுப் படுத்துக்கிட்டே பாக்காரு. ஒங்க சித்தப்பன் மேடைக்குக் கிட்டக்க ஓரத்துல ஒக்காந்து கழுத்தைத் திருப்பிப் பாக்கான். ரெண்டு பேரும் இடது மூலையிலேருந்து வலது மூலை வரைக்கும் கண்ணைத் திருப்பினா, திருப்புற கோணம் ஒண்ணேதான். மாமன் நேராப் பாக்காரு, ஆனா தூரம். சித்தப்பன் கிட்டக்க இருக்கான், ஆனா சாய்வாப் பாக்கான். ஒண்ணுல வந்த நட்டம் இன்னொண்ணுல ஈடுகட்டிருது. கூட்டத்துல முன்னால போக முட்டி மோதுறானுவளே, அந்த வட்டக் கோட்டு மேலயே நகந்துக்கிட்டு இருந்தா ஒரு பாகை கூடக் கெடைக்காது. வட்டத்துக்கு உள்ள பூந்தாத்தான் லாபம்.

ஏன் அப்படின்னு கேளு. கேக்க மாட்டே, ஒனக்கு எதைச் சொன்னாலும் 'சரி தாத்தா'தான். நானே சொல்லித் தொலைக்கேன். வட்டத்துக்கு நடு மையத்துல குழல் விளக்குக் கம்பம் நிக்குதுன்னு வையி. மாமன்கிட்டேருந்து கம்பத்துக்கு ஒரு கோடு போட்டு அதை மேடைப் பக்கம் நீட்டு. மாமனுக்கும் கம்பத்துக்கும் உள்ள தூரமும், மேடை மூலைக்கும் கம்பத்துக்கும் உள்ள தூரமும் ஒண்ணு, ரெண்டுமே ஆரம். அப்போ அந்த முக்கோணம் இருசமபக்க முக்கோணம், அடியில ரெண்டு கோணமும் சமம். கம்பத்துக்கிட்ட வெளியே விழுற கோணம் அந்த ரெண்டையும் கூட்டினது, அதாவது ஒண்ணோட ரெண்டு மடங்கு. இடது பக்கமும் இப்படி, வலது பக்கமும் இப்படி. ஆக, கம்பத்துல ஏறி நின்னு பாக்குறவனுக்கு மேடை எம்புட்டுக் கோணமோ, அதுல சரிபாதி மாமனுக்கு. சித்தப்பனுக்கும் அதே பாதி. ஒரே மூட்டையைப் பாதியாப் பிரிச்சா எல்லாருக்கும் சமமாத்தானே இருக்கும்? ஒன்பதாம் வகுப்புல இதைச் சொல்லிக் குடுத்திருக்காக. அன்னைக்கு நீ சுண்டல் தின்னுக்கிட்டு இருந்திருப்பே.

இதுல ஒரு குழி இருக்கு. நீ தவறாம அதுல விழுந்திருதே. மேடைக்குப் பின்னால, சாக்குத் திரை மறைவுல ஒக்காந்து பாக்குற பயலுக இருக்கானுவல்லா, அவனுவளும் அதே வட்டத்துலதான் இருக்கானுவ, பாக்குறதும் அதே ரெண்டு மூலையைத்தான். ஒரே நாண்தானே, அப்ப கோணமும் ஒண்ணுதானேன்னு நீ அடிச்சு விட்டுருதே. முன்னால இருக்குறவனுக்கு 50° இருந்தா பின்னால இருக்குறவனுக்கு 130°. ரெண்டும் சேந்து 180°. முன் வில்லும் பின் வில்லும் மையத்துல சேந்தா முழு 360°, அதுல பாதி 180°. வட்ட நாற்கரத்துல எதிர்க் கோணம் ரெண்டையும் கூட்டினா 180°ங்குறது இதேதான். நாண் ஒண்ணா இருந்தாப் போதாது மக்கா, ஒக்காந்திருக்குற பக்கமும் ஒண்ணா இருக்கணும். கட்சி மாறி ஒக்காந்தவனுக்கும் அதே மரியாதை கேக்குறது சட்டசபையில நடக்கும், வட்டத்துல நடக்காது.

மேடையே விட்டம் அளவுக்கு நீண்டு போச்சுன்னு வையி. கம்பத்துக்காரனுக்கு 180°, மத்தவனுக்கெல்லாம் பாதி, 90°. அரைவட்டத்துல செங்கோணம். இதைக் கண்டுபுடிச்ச சந்தோசத்துல தேல்ஸ்னு ஒரு பெரியவர் ஒரு காளையைப் பலி குடுத்தாருன்னு டயோஜீனஸ் லேர்ஷியஸ்னு ஒருத்தரு எழுதி வச்சிருக்காரு. தேல்ஸ், இப்போ துருக்கி இருக்குல்லா, அதோட மேக்குக் கடலோரத்துல மிலேட்டஸுங்குற ஊர்க்காரரு, கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. அப்படி இல்லை, பலி குடுத்தது பிதாகரசுன்னு சொல்லுதவுகளும் உண்டுன்னு அதே லேர்ஷியஸ் அதுக்குக் கீழேயே ஒரு வழக்கையும் இழுத்து விட்டிருக்காரு. காளையைக் கூப்பிட்டு விசாரிச்சிருந்தா, ரெண்டு பேரும் கணக்கே போட்டிருக்க வேண்டாம்னு சொல்லியிருக்கும். நம்ம ஊருல ஒரு சோடிக் காளை என்ன வெலைன்னு தெரிஞ்ச சம்சாரி எவனும் 90°க்கு அதைக் குடுக்க மாட்டான். நீ பயப்படாதே, ஒனக்கு ஒரு கணக்கு சரியா வந்தா ஒரு முட்டைப் பரோட்டா வாங்கித் தாரேன், அதுக்கு மேல நம்ம வீட்டுக்குத் தாங்காது.

இந்தச் செங்கோணத்தை வச்சு நான் சம்பாதிச்சிருக்கேன்லே. தண்ணித் தொட்டிக்கு வட்டமா மூடி வார்த்தாச்சு, நடுவுல கைப்புடிக்கு ஓட்டை போடணும், மையம் தெரியலை. மூலைமட்டத்தை எடு. அதோட மூலையை வட்ட விளிம்புல வையி. ரெண்டு கையும் விளிம்பை எங்க எங்க வெட்டுதோ அங்க கரிக்கோடு. அது ரெண்டையும் சேத்தா விட்டம், செங்கோணத்துக்கு எதிர்த்தாப்புல வேற எது வரும்? மூலைமட்டத்தை நகத்தி இன்னொரு தடவை வச்சா இன்னொரு விட்டம். ரெண்டும் வெட்டுற எடம் மையம். ஒம் டப்பாவுலயும் ரெண்டு மூலைமட்டம் கெடக்கு. அதை வச்சு நீ இதுவரைக்கும் கேரம் போர்டுல பவுடர்தான் தள்ளியிருக்கே.

இப்போ நீளத்துக்கு வருவோம். ஒனக்கு 4.5 விடை வந்த அந்தக் கணக்கையே எடுத்துக்கிடுவோம், அது நல்ல கணக்கு, நீதான் அதைக் கெடுத்தே. வட்டத்துக்குள்ள ரெண்டு நாண் ஒண்ணையொண்ணு வெட்டுது. ஒண்ணு க-விலேருந்து ச வரைக்கும், இன்னொண்ணு ட-விலேருந்து த வரைக்கும். வெட்டுற எடம் ம. க-ம 4 செ.மீ., ம-ச 6 செ.மீ., ட-ம 3 செ.மீ. ம-த எவ்வளவு?

நீ செஞ்சது என்ன? ஒரு நாணை ரெண்டாக் கிழிச்சு 4-க்குக் கீழ 6. இன்னொண்ணைக் கிழிச்சு 3-க்குக் கீழ எக்ஸ். 4/6 = 3/எக்ஸ். எக்ஸ் 4.5. பாக்குறதுக்கு எம்புட்டு லட்சணமா இருக்கு! பொய்யி லட்சணமாத்தான் இருக்கும். க-வையும் ட-வையும் சேத்து ஒரு கோடு போடு, த-வையும் ச-வையும் சேத்து ஒரு கோடு போடு. ரெண்டு முக்கோணம் தெரியுதா? இப்போ க-வுல ஒக்காந்து பாரு. அங்கேருந்து ட-வுக்கும் ச-வுக்கும் நடுவுல ஒரு கோணம். த-வுல போய் ஒக்காரு. அங்கேருந்தும் அதே ட, அதே ச. ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல ஒக்காந்து ஒரே மேடையைப் பாக்காக. அப்போ க-வுல இருக்குற கோணமும் த-வுல இருக்குற கோணமும் சமம். அதே மாதிரி ட-வும் ச-வும் சமம். ம-வுல குத்தெதிர்க் கோணம், அதுவும் சமம். ஆக க-வுக்குச் சோடி த, ட-வுக்குச் சோடி ச. நீ க-வுக்கு ச-வைச் சோடி சேத்தே. ஒரே கோட்டுல இருக்குறவன்தான் சோடின்னு ஒனக்கு ஒரு நெனப்பு. இந்த முக்கோணம் ரெண்டும் முறுக்கிக்கிட்டு நிக்குற சாதி.

இப்போ சோடிப்படி எழுது. முக்கோணம் க-ம-ட, அதுக்குச் சரியா த-ம-ச. எழுத்து வரிசை மாறப்புடாது, மொத எழுத்துக்கு மொத எழுத்து, கடைசிக்குக் கடைசி. க-ம வகுத்தல் த-ம, ட-ம வகுத்தல் ச-ம. 4/எக்ஸ் = 3/6. எக்ஸ் 8. சரி பாத்துக்கோ: நாலாறு 24, மூவெட்டு 24. வெட்டிக்கிற ரெண்டு நாணுலயும் துண்டுகளைப் பெருக்கினா ஒரே தொகைதான் வரும்.

4.5 ஏன் முடியவே முடியாதுன்னும் சொல்லிருதேன், ஒனக்குப் பின்னால ஒதவும். நீ சோடி சேத்த மாதிரி இருக்கணும்னா க-ட கோடும் ச-த கோடும் இணையா ஓடணும். வட்டத்துக்குள்ள ரெண்டு இணை நாண் இருந்தா படம் ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி ஒத்துப் போகும், அப்போ க-மவும் ட-மவும் சமமா இருக்கணும். இங்க ஒண்ணு 4, ஒண்ணு 3. கேள்வியிலேயே வச்சிருக்கான்லே பதிலை! கேள்வித்தாளை விசிறியா மடிக்கிறதுக்கு முன்னால ஒருக்கா வாசிச்சா என்ன?

நம்ம ஆளுக இதை எலியை வச்சே சொல்லிட்டுப் போயிருக்காகலே. நீ கைடு தவிர ஒண்ணும் தொட மாட்டே, நான் நூலகத்துல விசிறிக்குக் கீழ ஒக்காந்து படிச்சது. ஆரியபடர், 499-ல தனக்கு 23 வயசுன்னு அவரே ஆரியபடீயத்துல எழுதியிருக்காரு. 23 வயசுல. நம்ம தெருவுல 23 வயசுப் பயலுக என்ன செய்யுதானுவன்னு நான் சொல்ல வேண்டாம். அந்தப் பொஸ்தகத்தோட கணிதப் பகுதியில, நாணை நடுவுல செங்குத்தா வெட்டுற விட்டத்தோட ரெண்டு துண்டையும் பெருக்கினா பாதி நாணோட வர்க்கம் வரும்னு ஒரு கணக்கு இருக்கு. இப்போ நாம பாத்த சங்கதிதான், நாண் ரெண்டுல ஒண்ணு விட்டமாப் போச்சு, இன்னொண்ணு சரிபாதியா வெட்டுப்பட்டுப் போச்சு. 629-ல முதலாம் பாஸ்கரர் அதுக்கு உரை எழுதும்போது, சும்மா சொன்னா ஒன்னைய மாதிரி ஆளுகளுக்கு ஏறாதுன்னு தெரிஞ்சு பருந்தையும் எலியையும் கொண்டாந்து விட்டாரு.

கதை இது. 12 முழம் ஒசரம் ஒரு சுவரு. உச்சியில பருந்து. சுவத்துக்கு அடியில எலியோட வளை. எலி இரை தேடிப் போயி, வளையிலேருந்து 24 முழம் தள்ளி நிக்கு. பருந்து பாத்திருச்சு. எலியும் பாத்திருச்சு. எலி வளையைப் பாத்து ஓடுது, பருந்து சாய்வா, நேர்கோட்டுல எறங்குது. ரெண்டுக்கும் ஒரே வேகம். எங்க மாட்டும்?

ஒன்னையக் கேட்டா பிதாகரஸ் போட்டு, எக்ஸ் வர்க்கம், ஒய் வர்க்கம்னு ரெண்டு பக்கம் ரொப்பி, கூடுதல் தாள் கேப்பே. தப்பில்ல, அப்படியும் வரும், ஆனா அதுக்குள்ள எலி பேரன் பேத்தி எடுத்துரும். பாஸ்கரர் வழியைப் பாரு. ஒரே வேகம்னா, மாட்டுற எடத்துலேருந்து பருந்து இருந்த உச்சிக்கும் எலி கெளம்புன எடத்துக்கும் ஒரே தூரம். ஒரே தூரம்னா வட்டம். மாட்டுற எடம் மையம், பருந்தும் எலியும் பரிதியில. இதை ஒரு நிமிசம் கண்ணை மூடி யோசிச்சுப் பாரு, நான் வெத்தலை மடிக்கேன்.

தெரிஞ்சுதா? இல்லைன்னா படம் போட்டுக்கோ. தரைதான் விட்டம். எலி கெளம்புன எடம் அதோட ஒரு முனை. சுவரு அந்த விட்டத்து மேல செங்குத்தா நிக்குற பாதி நாண், 12 முழம். சுவத்துக்கு இந்தப் பக்கம் விட்டத்துல 24 முழம் இருக்கு. சுவத்துக்கு அந்தப் பக்கம் எம்புட்டு இருக்கு? விட்டத்தோட ரெண்டு முனையிலேருந்தும் பருந்துக்குக் கோடு போடு. அரைவட்டத்துல ஒக்காந்திருக்கு பருந்து, அதனால அங்க 90°. செங்கோணத்துலேருந்து எறங்குற குத்துக்கோடு, அதாவது சுவரு, பெரிய முக்கோணத்தை ரெண்டு சின்ன முக்கோணமா வெட்டுது. இந்தப் பக்கத்துச் சின்னதுல ஒரு கோணம் 90°, எலி முனையில இன்னொரு கோணம். அந்தப் பக்கத்துச் சின்னதுல ஒரு கோணம் 90°, பருந்துக்கிட்ட இருக்குற துண்டுக் கோணம் எலி முனைக் கோணத்துக்குச் சமம், ஏன்னா ரெண்டும் மறு முனைக் கோணத்தோட சேந்தா 90° ஆகுது. ரெண்டு கோணம் ஒத்துப் போச்சுன்னா சாடை ஒண்ணு. 24-க்கு 12 எப்படியோ அப்படி 12-க்கு அந்தத் துண்டு. 6 முழம். முழு விட்டம் 30. ஆரம் 15. எலி கெளம்புன எடத்துலேருந்து மையம் 15 முழம், அங்கேருந்து சுவரு 9 முழம். பருந்து பறந்தது 15 முழம், எலி ஓடுனது 15 முழம், வளைக்கு இன்னும் 9 முழம் பாக்கி. சந்தேகம்னா 9 வர்க்கமும் 12 வர்க்கமும் கூட்டிப் பாரு, 225 வரும், அது 15 வர்க்கம்.

கெளம்பும்போதே எல்லாம் முடிவாகிப் போச்சு பாத்தியா. எலி மையத்தைப் பாத்துத்தான் ஓடுது, அதுக்குத் தெரியாது. கணக்குல எனக்குப் புடிச்ச எடம் இதுதான். 3, 4, 5 போட்டு நாங்க வீட்டு மூலைக்குக் கயிறு புடிப்போம். அதை மும்மடங்கு பண்ணினா இந்த 9, 12, 15. 1,400 வருசத்துக்கு முந்தி ஒருத்தரு எலியைக் கொன்னு வச்சது, எங்க மூலைக் கயித்துக்குள்ள வந்து ஒக்காந்திருக்கு.

அரைவட்டச் செங்கோணமும் முக்கோணச் சாடையும் ஒரே கணக்குல சேந்து வந்ததைக் கவனிச்சியா? ஒம் பாடப் பொஸ்தகத்துல அடிப்படை விகிதசமத் தேற்றத்துக்கும் அந்தக் காளைக்காரரு பேருதான், தேல்ஸ் தேற்றம். முக்கோணத்துல ஒரு பக்கத்துக்கு இணையாக் கோடு போட்டா மத்த ரெண்டு பக்கமும் ஒரே விகிதத்துல வெட்டுப்படும். தன் நெழலு தன் ஒசரத்துக்குச் சமமா இருக்குற நேரம் பாத்து எகிப்துப் பிரமிடோட நெழலை அளந்து அதோட ஒசரத்தைச் சொன்னவருன்னு அவரைப் பத்திக் கதையும் உண்டு. நெழலு சும்மா கெடக்கு, அளக்கத்தான் ஆளில்ல. நீ நெழலைக் கண்டா பாய் விரிச்சிருவே.

யூக்ளிடுன்னு ஒரு மனுசன். கி.மு. 300 வாக்குல அலெக்சாந்திரியாவுல இருந்தவரு. இம்புட்டு வட்டச் சங்கதியையும் தன் நூலோட மூணாம் பொஸ்தகத்துல எண் போட்டு வரிசையா அடுக்கியிருக்காரு: 20-ல மையக் கோணம் ரெண்டு மடங்கு, 21-ல ஒரே பக்கத்துக் கோணமெல்லாம் சமம், 22-ல வட்ட நாற்கரம், 31-ல அரைவட்டம், 32-ல தொடுகோடு, 35-ல வெட்டிக்கிற நாணுக. அந்த 35-ஐ அவரு முக்கோணச் சாடையை வச்சு நிரூபிக்கலை. பரப்பை வச்சுச் சுத்தி வளைச்சு நிரூபிக்காரு. ஏன்னா விகிதம் அஞ்சாம் பொஸ்தகத்துலதான் வருது, ஒத்த முக்கோணம் ஆறாம் பொஸ்தகத்துல. பின்னால வர்ற பாடத்துலேருந்து கடன் வாங்குறது இல்லைன்னு ஒரு வைராக்கியம். நீ எங்க இருந்து வேணாலும் கடன் வாங்குதே, பக்கத்துப் பெஞ்சிலேருந்து உட்பட.

இனி ஒன்னோட எட்டு மார்க்குக்கு வாரேன். பத்தாம் வகுப்புத் தாள்ல கடைசியில ரெண்டு எட்டு மார்க்குக் கேள்வி, ஒண்ணு வடிவியல் வரையுறது. அதுல ஒரு வகை: அடிப்பக்கம் 6 செ.மீ., உச்சிக்கோணம் 50°, உச்சியிலேருந்து நடுக்கோடு 5 செ.மீ., முக்கோணம் வரைக. இதை நீ கண்ணை மூடிக்கிட்டு வரைவே, எனக்குத் தெரியும். அடிப்பக்கத்துக்குக் கீழ ஒரு முனையில 50° கோடு, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தா ஒரு கோடு, அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு, ரெண்டும் சந்திக்குற எடத்துல கவராயத்தை ஊனி வட்டம், அடிப்பக்க நடுப்புள்ளியிலேருந்து 5 செ.மீ. வெட்டு. கை சுத்தமா இருக்கு, ஒத்துக்கிடுதேன். உச்சிக்கோணம் மேலதானே இருக்கு, 50°யை எதுக்குலே கீழ போட்டேன்னு கேட்டேன். 'கைடுல கீழதான் தாத்தா போட்டிருக்கு'ன்னு சொன்னே பாரு, அந்த நேர்மைக்கே ரெண்டு மார்க்கு கூடப் போடலாம்.

கீழ போட்ட கோடு தொடுகோடுலே. மாற்று வட்டத்துண்டுத் தேற்றம்னு படிச்சியே, அதான். தொடுகோட்டுக்கும் நாணுக்கும் நடுவுல கீழ 50° இருந்தா, நாணுக்கு மேல பரிதியில எங்க ஒக்காந்து பாத்தாலும் அதே 50°. வில்லுப்பாட்டுச் சனத்துல ஒருத்தன் நகந்து நகந்து மேடை மூலைக்கே வந்துட்டான்னு வையி: அவன் அந்த மூலையைப் பாக்குற பார்வை தொடுகோடாவே போயிரும், கோணம் மட்டும் மாறாது. தொடுகோட்டுக்கு ஆரம் செங்குத்து, அதனாலதான் ரெண்டாவது கோடு. மையம் அதுலதான் எங்கேயோ இருக்கு. அடிப்பக்கத்தோட ரெண்டு முனையும் மையத்துக்குச் சம தூரம், அதனாலதான் மையக்குத்துக்கோடு. ரெண்டு கோடும் சாட்சி சொல்லுற எடம் மையம். பெறகு கவராயம் வெட்டுற ரெண்டு எடத்துல எது உச்சியானாலும் சரி, ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி. ரெண்டுமே மேல் வில்லுலதான் விழும். கீழ் வில்லுல உச்சியை வச்சா 130° முக்கோணம் வரும், சாக்குத் திரைக்குப் பின்னால இருந்த பயலுக நெனப்பு இருக்கட்டும்.

இம்புட்டும் தெரிஞ்சவனை ஏமாத்த முடியாது. கேள்வி எடுக்குறவன் கை தவறி நடுக்கோடு 7 செ.மீ.ன்னு போட்டுட்டான்னு வையி. கைடு மனப்பாடக்காரன் கவராயம் வட்டத்தைத் தொடலைன்னு வேர்த்து விறுவிறுத்து, பென்சிலை அழுத்தித் தேச்சு வட்டத்தையே பெருசாக்கிருவான். வெவரம் தெரிஞ்சவன், இந்த வட்டத்துல அடிப்பக்க நடுவுலேருந்து ஆகக்கூடின ஒசரமே சுமார் 6.4 செ.மீ.தான், 7-க்கு முக்கோணமே கெடையாதுன்னு எழுதிட்டுத் தண்ணி குடிக்கப் போவான்.

போன்ல போட்டோ புடிச்சா அதுவே விடை போட்டுரும்னு நேத்து சொன்னே. போடும், யாரு இல்லைன்னா. பரீட்சை மண்டபத்துல வாசல்லயே புடுங்கி வச்சிருவாகளே, அப்போ கண்காணிக்க வந்த சாரையா போட்டோ புடிப்பே?

சரி, ஒரு கணக்கு தாரேன், போட்டுட்டு வந்து சாப்பிடு. ஒங்க ஆச்சி கருவாட்டுக் கொழம்பு எறக்கிட்டா, ஆறிப் போனா எனக்குப் பழி வரும். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி. அங்கேருந்து வட்டத்தைத் தொட்டு நிக்குற தொடுகோடு 6 செ.மீ. அதே புள்ளியிலேருந்து இன்னொரு கோடு வட்டத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வெளியே வருது. பூந்த எடம் புள்ளியிலேருந்து 4 செ.மீ. வட்டத்துக்கு உள்ள கெடக்குற நாண் எவ்வளவு? தொடுபுள்ளியிலேருந்து அந்த ரெண்டு வெட்டு எடத்துக்கும் கோடு போடு, ரெண்டு முக்கோணம் கெடைக்கும். வெளிப் புள்ளியில இருக்குற கோணம் ரெண்டுக்கும் பொது, இன்னொரு கோணத்துக்கு இப்போ சொன்னேனே அந்தத் தொடுகோட்டுச் சங்கதி. எழுத்து வரிசை பாத்து எழுது. 9-ன்னு வந்ததும் ஓடி வந்துராதே, அது வெளிப் புள்ளியிலேருந்து கடைசி வரைக்கும் உள்ள நீளம். நான் கேட்டது உள்ள கெடக்குறதை மட்டும்.